பாலையில் கனியும் குட்டை மரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, சொனோரா பாலைவனத்தின் நடுவில் அமைந்துள்ளது பீனிக்ஸ் நகரம். அது அரிசோனா மாநிலத்தின் தலைநகர். அங்கே ஓர் ஆண்டில் பெய்யும் மழையின் சராசரி அளவு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர்தான். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தொடங்கி, தொடர்ந்து 31 நாள்கள் அந்நகரின் பகல் வெப்பநிலை 43 டிகிரி செல்சியசுக்குக் குறையவில்லை. பாலையின் மைந்தர்களான சாகுவாரோ கள்ளிகள்கூட அந்தக் கோடையில் கிளைகளை இழந்து சாய்ந்தன. அத்தகைய நகரின் வீட்டுக் கொல்லைகளில் எலுமிச்சை, அத்தி, மாதுளை, பீச், ஆப்பிள் ஆகிய பழமரங்கள் வளர்கின்றன. அவை நிலத்தில் வேரூன்றியவை அல்ல; இடுப்பளவு உயரமுள்ள தொட்டிகளில் நிற்பவை. ஆள் உயரத்தை ஒட்டியே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குட்டை மரங்கள் அவை.

மரத்தைக் குறுக்குவது எப்படி? தொட்டி என்னும் சிறு வெளிக்குள் ஒரு மரம் உயிர்வாழ்வது எப்படி? நீரே அரிதான நிலத்தில் இவ்வாறு பழமரம் வளர்ப்பது தகுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது தாவரவியல், மண்ணியல், நீர் மேலாண்மை ஆகிய மூன்றும் ஒரே தொட்டிக்குள் சந்திப்பதைக் காணலாம்.

தொட்டி மரங்களின் தொன்மை

மரத்தை வேரோடும் மண்ணோடும் ஒரு கலத்தில் வைத்துக் காக்கும் வழக்கம் புதியதன்று. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அரசி ஹாட்செப்சுட், புண்ட் என்னும் நாட்டிற்குக் கப்பல்களை அனுப்பினார். அங்கிருந்து நறுமணப் பிசின் தரும் மரங்கள் வேரோடு கூடைகளில் வைத்துக் கொண்டுவரப்பட்டன. கூடையில் நிற்கும் மரத்தைக் காவுதடியில் தாங்கி ஆள்கள் சுமந்து செல்லும் காட்சி, டேர் எல் பகாரி என்னுமிடத்தில் உள்ள அவ்வரசியின் கோயிற்சுவரில் புடைப்புச் சிற்பமாக இன்றும் உள்ளது.

பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னனின் வெர்சாய் அரண்மனைக்காக 1684-ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெருங்கூடம் கட்டப்பட்டது. பனிக்காலத்தில் ஆரஞ்சு மரங்களைப் பாதுகாப்பதே அதன் நோக்கம். மரப்பெட்டிகளில் நடப்பட்ட அம்மரங்கள் கோடையில் வெளிமுற்றத்திற்கும் குளிர்காலத்தில் கூடத்திற்கும் இடம் மாற்றப்பட்டன. குளிருக்கு அஞ்சி வெர்சாயில் செய்ததை வெயிலுக்கு அஞ்சிப் பீனிக்ஸ் நகரில் செய்கின்றனர். வேண்டும்போது இடம்பெயர்க்க முடியும் என்பதே தொட்டி மரத்தின் முதல் சிறப்பு.

சொனோரா பாலைநிலத்திற்குப் பழமரங்களும் புதியவை அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சென்ற யூசேபியோ கினோ என்னும் இயேசு சபைத் துறவி, தாம் நிறுவிய சமயக் குடியிருப்புகளில் ஐரோப்பியப் பழமரங்களை அறிமுகப்படுத்தினார். அத்தி, மாதுளை, சீமை மாதுளை முதலிய பழைய மரங்களின் வழித்தோன்றல்களைத் தேடிச் சேகரித்து, டூசான் நகரில் உள்ள மிஷன் தோட்டத்தில் இன்று வளர்த்து வருகின்றனர். நடுநிலக்கடல் நாடுகளிலும் மேற்காசியாவிலும் பழகிய இம்மரங்களுக்கு வெயில் புதியதன்று.

குட்டையாவதன் மறைபொருள்

பழமரங்கள் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்க்கப்படுவதில்லை. ஒரு மரத்தின் வேர்ப்பகுதியோடு வேறொரு மரத்தின் கிளையை இணைத்து ஒட்டுக்கட்டுகின்றனர். அடியில் இருப்பது வேர்ச்செடி. மேலே இணைவது ஒட்டுக்குச்சி. பழத்தின் சுவையையும் நிறத்தையும் ஒட்டுக்குச்சி தீர்மானிக்கிறது. மரத்தின் உயரத்தை வேர்ச்செடி பெருமளவு கட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள கிழக்கு மாலிங் ஆய்வு நிலையம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிள் வேர்ச்செடிகளை ஆராய்ந்து வகைப்படுத்தி எண்ணிட்டது. அவற்றுள் ‘எம் 9’ என்பது உலகப் புகழ்பெற்ற குட்டை வேர்ச்செடி. பின்னர் வந்த ‘எம் 27’ அதனினும் குட்டையானது. எலுமிச்சை இனத்திற்கு ‘ஃப்ளையிங் டிராகன்’ என்னும் முறுக்கிய முள்கொண்ட மூவிலை ஆரஞ்சு குட்டை வேர்ச்செடியாகப் பயன்படுகிறது.

சில மரங்கள் ஒட்டின் உதவியின்றி இயல்பிலேயே குட்டையானவை. சிலவகைப் பீச் மரங்களில் தண்டின் கணுவிடைத் தொலைவு மிகவும் குறைவு. எனவே, இலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு மரம் ஒரு புதர்போலத் தோன்றும். அதில் காய்க்கும் பழம் மட்டும் வழக்கமான அளவிலேயே இருக்கும். உடல் குறுகினாலும் கனி குறுகாது என்பது இம்மரங்களின் தனித்தன்மை.

உயரத்தை மட்டும் கருதி மரத்தைத் தேர்வு செய்தல் போதாது. ஆப்பிள், பீச் முதலிய மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறக்கநிலைக்குச் செல்பவை. குறிப்பிட்ட மணி நேரம் குளிரைப் பெற்ற பின்னரே அவற்றின் மொட்டுகள் சீராக விழிக்கும். சுழியத்திற்கும் 7 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கழியும் இக்காலத்தைக் குளிர்நேரம் என்பர். குளிர்நாட்டு ஆப்பிள் வகைகள் பலவற்றிற்கு 800 மணி நேரத்திற்கு மேலும் குளிர் தேவை. பீனிக்ஸ் நகரின் குளிர்காலமோ அதில் பாதியைக்கூடப் பெரும்பாலும் தருவதில்லை. ஆகவே, குறைந்த குளிரே போதுமான வகைகளை அங்கே நடுகின்றனர். இசுரேலில் உருவாக்கப்பட்ட ‘அன்னா’, பகாமாசுத் தீவில் தோன்றிய ‘டார்செட் கோல்டன்’ ஆகிய ஆப்பிள் வகைகள் இதற்குச் சான்று. இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூப்பதால் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் பயன்படுகிறது. அன்னா வகையின் கனிகள், கடுங்கோடை முற்றுவதற்கு முன்பே ஜூன் மாதத்தில் பழுத்துவிடுகின்றன. பாலையின் காலக்கணக்கோடு ஒத்துப்போகும் மரமே அங்கே நிலைக்கிறது.

மண்ணை விலக்கிய மண்கலவை

சொனோரா பாலைநிலத்தின் மண் காரத்தன்மை மிக்கது. பல இடங்களில் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே ‘கலீச்சி’ எனப்படும் சுண்ணாம்புப் படிவம் பாறைபோல் இறுகிக் கிடக்கிறது. அதை வேர் துளைக்காது; நீரும் எளிதில் ஊடுருவாது. காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அதை வேர்கள் உறிஞ்ச இயலாது. அதனால் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பசுமையாகத் தோன்றும். இதைப் பச்சையச் சோகை என்பர். மேலே குறிப்பிட்ட மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடி இக்குறைபாட்டிற்கு எளிதில் ஆளாவது. நிலத்தில் நட்டால் வாடக்கூடிய அம்மரம் தொட்டியில் தழைப்பதற்குக் காரணம், அதன் மண்ணை வளர்ப்பவரே அமைத்துத் தருவதுதான்.

தொட்டிக்குரிய கலவை, நீரைப் பிடித்து வைக்கவும் வேண்டும். மிகையான நீரை வெளியேற்றவும் வேண்டும். மட்கிய மரப்பட்டை, மட்கு உரம், எரிமலைக் கற்பொடி முதலியவற்றோடு தென்னை நார்க்கழிவும் இதில் சேர்க்கப்படுகிறது. இந்த நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை ஏற்று வைக்க வல்லது. பொள்ளாச்சி உள்ளிட்ட தமிழகத்தின் தென்னை வளர்ப்புப் பகுதிகளிலிருந்து கட்டிகளாக அழுத்தி இது பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்படுகிறது. ஒருகாலத்தில் கயிற்றுத் தொழிலின் எஞ்சிய குப்பையாகக் குவிந்து கிடந்த பொருள், இன்று தொலைதூர நாடுகளின் தொட்டிகளில் வேர்களுக்கு மெத்தையாகிறது. உப்புத்தன்மை உடையதாகையால், அதை நன்னீரில் அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

தொட்டியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. உண்மை இதற்கு மாறானது. நுண்ணிய துகள்கள் கொண்ட மண், நீரைத் தன் நுண்துளைகளில் ஈர்த்து வைத்திருக்கும். கீழேயுள்ள கற்களின் இடைவெளிகள் பெரியவை. அவற்றிற்கு அவ்வீர்ப்பு இல்லை. மேலேயுள்ள மண் முற்றிலும் நனைந்து நிறைந்த பின்னரே நீர் கற்களுக்குள் இறங்கும். எனவே, கற்படுகை ஈரம் தேங்கும் பகுதியை மேலே உயர்த்தி வேர்களுக்கு அருகில் கொண்டுவந்துவிடுகிறது. தொட்டி முழுவதும் ஒரே கலவையை நிரப்பி, அடித்துளைகள் அடைபடாமல் காப்பதே முறையாகும்.

வேரைச் சுடும் வெயில்

நிலத்தில் நிற்கும் மரத்தின் வேர்கள் மண்ணின் ஆழத்தில் வெயிலுக்கு மறைந்திருக்கின்றன. பகலின் வெப்பமும் இரவின் குளிர்ச்சியும் அங்கே பெரிதாக எட்டுவதில்லை. தொட்டி மரத்திற்கு அந்தக் காப்பு இல்லை. மேலிருந்து மட்டுமின்றிப் பக்கங்களிலிருந்தும் வெப்பம் உட்புகுகிறது. மாலை வெயில் படும் கருநிற நெகிழித் தொட்டியின் உட்சுவரை ஒட்டிய மண், காற்றைவிடக் கூடுதலாகச் சூடேறும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது பெரும்பாலான பழமரங்களின் இளவேர்கள் செயலிழக்கத் தொடங்குகின்றன.

அப்போது நிகழ்வது கருதத்தக்கது. மண்ணில் ஈரம் இருந்தும் வெந்த வேரால் அதை உறிஞ்ச இயலாது. இலைகளோ நீராவிப்போக்கால் நீரை இழந்துகொண்டே இருக்கும். வரவு நின்று செலவு தொடர்வதால் இலைகள் துவளும். துவண்ட இலையைக் கண்டவர், நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவார். காற்றோட்டம் இழந்த சூடான சேற்றில் வேர்கள் அழுகும். தாகத்தால் வாடும் மரமும் வேரழுகி வாடும் மரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். மண்ணில் விரலைச் செலுத்தி ஈரத்தை அறிந்த பின்னரே நீரூற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

வேரைக் குளிர்ச்சியாக வைக்கப் பல வழிகள் உள்ளன. வெண்ணிறமோ வெளிர்நிறமோ கொண்ட தொட்டி வெப்பத்தை எதிரொளிக்கும். மரத்தொட்டியின் தடித்த சுவர் வெப்பத்தை மெல்லவே கடத்தும். சுடுமண் தொட்டி தன் நுண்துளைகள் வழியே நீரைக் கசியவிட்டு ஆவியாக்கிக் குளிர்ச்சி பெறும். ஆனால் விரைவில் உலர்ந்துவிடும். ஒரு தொட்டியை அதனினும் பெரிய வேறொரு தொட்டிக்குள் வைத்து, இடைவெளியைக் காற்றுக்கோ மரத்தூளுக்கோ விடுவதும் உண்டு. மேல்மண்ணை மரச்சீவல்களால் மூடும் மூடாக்கு, ஆவியாதலைக் குறைக்கும். பல தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றைக் காக்கும். காலை வெயில் பட்டு மாலை வெயில் மறையும் வகையில் வீட்டின் கிழக்குப் பக்கமே தொட்டிகளுக்கு உகந்த இடமாகும்.

மரத்தின் மேற்பகுதிக்கும் காப்புத் தேவை. கோடையில் நிழல்வலை கட்டி வெயிலின் ஒரு பகுதியைத் தடுக்கின்றனர். வெயில் நேரடியாகப் படும் தண்டின் பட்டை வெடிக்காமலிருக்க, நீர் கலந்த வெள்ளை வண்ணத்தைப் பூசுகின்றனர். கோடையில் கவாத்து செய்வதைத் தவிர்க்கின்றனர். ஏனெனில், மரத்தின் இலைகளே அதன் தண்டிற்குரிய குடையாகும்.

நீரும் உப்பும்

கோடையில் தொட்டி மரத்திற்கு நாள்தோறும் நீர் வேண்டும். கதிரவன் எழுவதற்கு முன் ஊற்றுவதே நன்று. வெயிலில் கிடந்த நெகிழிக் குழாயின் உள்ளே தேங்கியிருக்கும் நீர் கையைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். அதனைப் பிடித்து ஆறவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். வேருக்கு அருகே மெருகிடாத மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பி வைப்பது மற்றொரு முறை. பானையின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிந்து, மண் உலரும் அளவிற்கேற்ப ஈரம் தரும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட வேளாண் நூலொன்றில் இம்முறை குறிக்கப்பட்டுள்ளது.

நீரோடு வரும் உப்பே தொட்டி மரத்தின் மறைமுகப் பகை. பீனிக்ஸ் நகருக்கு நீர் தரும் ஆறுகளுள் ஒன்று கொலராடோ. அதன் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன. ஒரு மரத்திற்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் வீதம் கோடையின் 150 நாள்களுக்கு ஊற்றுவதாகக் கொள்வோம். மொத்தம் 1,200 லிட்டர் நீர் செலவாகும். அந்நீருடன் 720 கிராம் உப்பு தொட்டிக்குள் சேரும். நீரை மரம் பருகிவிடும். உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கும். நிலத்தில் அது ஆழத்திற்குக் கரைந்து செல்ல வழியுண்டு. தொட்டிக்கு ஆழம் ஏது? மண்நீரில் உப்பின் செறிவு மிகும்போது, சவ்வூடுபரவலால் வேர்கள் நீரை ஈர்ப்பது கடினமாகும். இலைநுனிகள் பழுப்பேறிக் கருகும். இதனைத் தவிர்க்க, அவ்வப்போது அடித்துளை வழியே வழிந்தோடும் அளவுக்கு நீரூற்றி உப்பை அலசி வெளியேற்ற வேண்டும்.

இவ்வாறு அலசுவதற்கு மிகச் சிறந்தது மழைநீர். அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு. பாலையில் மழை அரிதெனினும், பெய்வதைச் சேமித்தால் அது சிறிதன்று. 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் 180 மில்லிமீட்டர் மழை பெய்தால் 18,000 லிட்டர் நீர் விழும். அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சேகரித்தாலும் 14,400 லிட்டர் கிடைக்கும். முன்பு கூறிய கோடைத் தேவையோடு, எஞ்சிய 215 நாள்களுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டரையும் சேர்த்தால், ஒரு மரத்தின் ஆண்டுத் தேவை ஏறத்தாழ 1,850 லிட்டர் ஆகும். ஆகவே, போதிய கொள்ளளவுள்ள நீர்த்தொட்டி இருப்பின், ஒரு கூரையின் மழை ஏழு மரங்களைக் காக்க வல்லது. மழை பொய்க்கும் ஆண்டுகளையும் கருத்தில் கொண்டால் நான்கு மரங்கள் என்பது பாதுகாப்பான எண்ணிக்கை. டூசான் நகரில் மழைநீர் சேமிப்பு அமைப்புகளை நிறுவும் வீடுகளுக்கு நகர நிருவாகம் ஊக்கத்தொகை வழங்கி வருகிறது.

தகுமா என்னும் வினா

கொலராடோ ஆற்றின் நீர், அரிசோனாவின் நடுப்பகுதிக்கு 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியே மலைகளைத் தாண்டி ஏற்றப்படுகிறது. நீண்ட வறட்சியால் அவ்வாற்றின் நீர்த்தேக்கங்கள் வற்றவே, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரலாற்றில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அதன்படி, 2022-ஆம் ஆண்டில் அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. அந்தக் கால்வாயை நம்பிய உழவர்கள் பலர் தம் வயல்களில் ஒரு பகுதியைத் தரிசாக விட நேர்ந்தது. உழவனின் வயல் காய்ந்து கிடக்கையில் கொல்லையில் எலுமிச்சை வளர்ப்பது முறையா என்னும் வினா எழுவது இயல்பே.

தொட்டியில் வளர்ப்பதாலேயே நீர் மிச்சமாகும் என்று கூறிவிட முடியாது. ஆழ வேரூன்றிய மரத்தைவிடத் தொட்டி மரம் அடிக்கடி நீர் கேட்பது. ஒருநாள் மறந்தாலும் அதன் உயிருக்குத் தீங்கு நேரலாம். ஆயினும், தொட்டி ஒரு நன்மையைத் தருகிறது. நிலத்தில் பாயும் நீர் எவ்வளவு, எங்கே சென்றது என்பதை எவரும் அறிவதில்லை. தொட்டிக்கு ஊற்றும் நீரை ஒவ்வொரு குவளையாக அளக்கலாம். நீரின் அளவை அறிந்தவர், மரங்களின் எண்ணிக்கையையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள இயலும். ஆற்றிடம் கேட்டுப் பெற்ற நீரில் பத்து மரங்களை வளர்ப்பதைவிட, கூரை தந்த மழையில் நான்கு மரங்களை வளர்ப்பது அந்நிலத்திற்கு இசைவானது.

இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குட்டை மரத்தைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். சுவரை ஒட்டி வட்டமிட்டு வளர்ந்த வேர்களை நறுக்கிப் புதிய கலவையிட்டு மீண்டும் அதே தொட்டியில் நட வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் வேர்கள் தம்மைத் தாமே நெரித்துக்கொள்ளும். அளவோடு குறைக்கப்பட்ட மரமே அடுத்த பருவத்தில் புதுவேர் விட்டுத் தளிர்க்கிறது. தனக்கு வாய்த்த மண், தனக்குக் கிடைக்கும் நீர் ஆகியவற்றின் எல்லைக்குள் நின்று காய்ப்பது குட்டை மரத்தின் இயல்பு. அந்த எல்லையை அறிந்து பயிரிடுவது மனிதரின் கடமையாகும்.